கேட்டால்தான் பதில்

2024 கோடையில் மூன்று நாட்கள் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று நாட்களில் பொய் எதுவும் பேசவில்லை. பேசிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாலும் ஒன்றுகூடப் பொய் என்று தேறாது. இருந்தும் ஒருவனை ஏமாற்றியிருக்கிறேன். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் என் கேள்வி. நான் வேலை பார்க்கும் துறையில் உள்ள ஒரு யந்திர ஏற்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதை யோசிக்க முயல்கிறேன். யந்திரங்களிடம் நீதிபோதனை பெறும் உத்தேசம் இல்லை. ஆனால் அவற்றுக்கு விதிகள் எழுதியவர்கள் மனிதர்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது எங்கெங்கே தவறு நேரும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்த யோசனை நம் விஷயத்திலும் கொஞ்சம் வெளிச்சம் காட்டக்கூடும்.

கோவையில் நூற்பாலைகளுக்குச் சில கருவிகள் செய்து கொடுக்கும் சிறு கம்பெனியில் எனக்கு வேலை. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி ஒன்று. ஷிப்டில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு போய் மிஷின் மிஷினாக அளவுகளைப் பதிந்துகொள்வார். ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினால் பதிந்தவை இறங்கிவிடும். நேற்றுவரை அந்தப் பெட்டிக்குள் ஓடியது விண்டோஸ் சிஇ என்ற இயங்குதளம். 1996இல் தொடங்கிய வம்சம் அது. அதன் கடைசிப் பதிப்புக்கும் 2023 அக்டோபரோடு ஆதரவு நின்றுபோயிற்று. ஆகவே அதே பெட்டிக்குள் லினக்ஸைக் குடிவைக்கும் வேலை எங்களிடம் வந்தது. 'போர்ட்' பண்ணுவது என்று எங்கள் பேச்சில் சொல்வோம். வீடு அதேதான், குடித்தனம் மாறுகிறது. ஸ்விட்ச் எங்கே, குழாய் எங்கே, எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும் என்று புதுக் குடித்தனத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும்.

ஆரம்ப நாட்களில் திரை இருட்டாக இருக்கும். பொத்தான்கள் வேலை செய்யாது. மின்சாரம் கொடுத்தால் பெட்டி லேசாகச் சூடாகும், அவ்வளவுதான். உள்ளே கர்னல் எழுந்து நின்றுகொண்டு திரையை எப்படி ஏற்றுவது என்று தெரியாமல் இருக்கலாம்; பாதியில் விழுந்திருக்கலாம்; எழவே இல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான். மௌனத்துக்கு என்று சொந்தமாக ஒரு அர்த்தம் கிடையாது. பார்ப்பவன் தன் நம்பிக்கையையோ பயத்தையோ அதில் ஏற்றிக்கொள்கிறான். ஆகவே முதல் வேலை, எந்த வழியிலாவது அந்தப் பெட்டியைப் பதில் சொல்ல வைப்பது. எங்களுக்கு இருந்த ஒரே துவாரம் யுஎஸ்பி. அதன் வழியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்குவது, கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டால் பெட்டி 'ம்' என்று சொல்ல வைப்பது. நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

*

யுஎஸ்பி 1996இல் முதல் முறையாக எழுத்தில் வந்தது. எங்கள் பெட்டியில் இருப்பது 2000இல் வந்த 2.0. இதில் இரு தரப்பும் சமம் அல்ல. ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் கருவி. எந்தப் பேச்சையும் ஹோஸ்ட்தான் ஆரம்பிக்க வேண்டும். கருவி, கேட்டதற்குப் பதில் சொல்லலாம். தானாக வாய் திறக்க அதற்கு இடமில்லை. 'இன்டெரப்ட்' என்று ஒருவகைப் பரிமாற்றம் உண்டு. பெயரைப் பார்த்தால் கருவி குறுக்கிட்டுப் பேசுகிறாற்போல இருக்கும். நடப்பது வேறு: ஹோஸ்ட் குறிப்பிட்ட இடைவெளியில் 'ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. யுஎஸ்பி கீபோர்டில் நீங்கள் தட்டும் எழுத்து, தன்னைக் கேட்கும்வரை அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. தூங்கிவிட்ட ஹோஸ்டை எழுப்ப ஒரு சமிக்ஞை இருக்கிறதுதான். அதற்கும் ஹோஸ்ட் முன்கூட்டி அனுமதி தந்திருக்க வேண்டும்.

செருகியவுடன் கருவி தன் இஷ்டமாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்று. இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெஸிஸ்டர் வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறது. வகுப்பில் பையன் கை தூக்குவது மாதிரி. ஹோஸ்ட் கவனிக்கிறது. அப்போது கருவியின் விலாசம் பூஜ்யம். புதிதாக வருகிற எதற்கும் அந்தப் பூஜ்யம்தான். பிறகு 1 முதல் 127 வரையில் ஒரு எண்ணை ஹோஸ்ட் கொடுக்கிறது. 'நீ யார்' என்று கேட்கிறது. கருவி 18 பைட்டுகளில் தன்னைப் பற்றிச் சொல்கிறது: செய்தவர் எண், பொருள் எண், இன்ன வகை. தொடர்ந்து கேட்கக் கேட்க மற்ற விவரங்கள். ஹோஸ்ட் இதில் எதையும் விசாரித்துச் சரிபார்ப்பதில்லை. சொன்னதை நம்பி அதற்கேற்ற டிரைவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

எங்கள் பெட்டியில் ஈதர்நெட் என்று எதுவும் கிடையாது. அந்த வயர் போகும் துளைகூட இல்லை. ஆனால் 'நீ யார்' என்ற கேள்விக்கு 'நான் ஒரு ஈதர்நெட் கார்டு' என்று அது பதில் சொல்ல வேண்டும். சொல்லவைப்பது என் வேலை. கர்னலின் ஒரு மூலையில் ஒரு டைரக்டரியை உண்டாக்கி, அதற்குள் சில கோப்புகளில் சில எண்களை எழுதி, கடைசியாக ஒரு கோப்பில் யுஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரை எழுதினால், அந்தக் கணத்தில் இல்லாத ஒரு கார்டு இருப்பதாக ஆகிறது. மறுமுனையில் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்கிறது.

இது பொய்யா? ரொம்ப நாள் இதை நான் ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை. இப்போது யோசித்தாலும் பொய் இல்லை என்றுதான் படுகிறது. 'நான் ஈதர்நெட் கார்டு' என்று சொன்ன பிறகு பெட்டி அப்படியே நடந்துகொள்கிறது. கொடுத்த பொட்டலங்களை வாங்கிக்கொள்கிறது, பதில் பொட்டலங்களைத் தருகிறது. ஈதர்நெட் கார்டிடம் எதிர்பார்க்கக்கூடிய எதிலும் கையை விரிப்பதில்லை. ஆக அந்த வாக்கியத்தை வர்ணனையாக எடுத்துக்கொள்வதைவிட வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது பொருந்தும். தெருக்கூத்தில் பிடித்த திரைக்குப் பின்னால் வந்து நின்று 'நான் துரியோதனன்' என்று தன்னை அறிவித்துக்கொள்பவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. சொல்லிவிட்டபின் விடியும்வரை அவர் துரியோதனனாக நின்று காட்ட வேண்டும். நடுராத்திரியில் 'நான் உண்மையில் நம்ம ஊர்க்காரன்தானே' என்று விலக்கு கேட்க முடியாது. பொய்யனுக்கு வேண்டியது இந்த விலக்குத்தான். சொன்னதன் பலன் வேண்டும், சொன்னதன் பாரம் வேண்டாம்.

அந்தப் 'பாரம்' எப்படி ஏற்கப்படுகிறது என்பதற்கு ஒரு சிறு உதாரணம். கருவி சொல்லும் 'செய்தவர் எண்' யுஎஸ்பிக்கான அமைப்பிடம் முறையாகப் பெற வேண்டியது. லினக்ஸின் இந்த ஈதர்நெட் வேஷத்துக்கு அப்படிச் சொந்த எண் இல்லை. டேவிட் பிரவுனல் அந்த டிரைவரை எழுதியபோது நெட்சிப் என்ற கம்பெனி தன் எண்களில் ஒன்றைத் தானமாகக் கொடுத்தது. மூலநிரலிலேயே அதற்கு நன்றி சொல்லியிருக்கிறது. வேறு விதமாகப் பேசுகிற எந்த டிரைவருக்கும் இந்த எண்ணை எடுத்து வைத்துவிடாதே என்று கடுமையான எச்சரிக்கையும் உடன் இருக்கிறது. இரவல்தான். ஆனால் கேட்டுப் பெற்ற இரவல், யாரிடம் பெற்றது என்று சொல்லுகிற இரவல், இதற்கு மேல் இதை வைத்து என்ன செய்யக்கூடாது என்றும் சொல்லுகிற இரவல்.

*

ஈதர்நெட் கார்டு என்றால் அதற்கு இன்னொரு எண் வேண்டும். 48 பிட் நீளமுள்ள எண்; மேக் விலாசம் என்பார்கள். உண்மையான கார்டுகளில் இதன் முதல் பாதியை ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கம் கம்பெனிக்குக் கொடுக்கும். மறுபாதியைக் கம்பெனி கார்டுக்குக் கார்டு மாற்றிப் போடும். உலகத்தில் ஒரு எண் ஒரு கார்டுக்குத்தான் என்பது ஏற்பாடு. இல்லாத கார்டுக்கு எந்த எண்? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் லினக்ஸ் தானே ஒன்றைக் குருட்டாம்போக்கில் இட்டுக்கட்டிக்கொள்கிறது. பெட்டியின் முனைக்கு ஒன்று, ஹோஸ்டின் முனைக்கு ஒன்று என இரண்டையும் பெட்டியே கற்பனை செய்கிறது.

இப்படி இட்டுக்கட்டும்போது அது ஒரு காரியம் செய்கிறது. எண்ணின் முதல் பைட்டில், கடைசிக்கு முந்திய பிட்டை 1 என்று வைக்கிறது. அந்த இடத்தில் 0 இருந்தால் 'இது முறையாக வழங்கப்பட்ட எண்' என்று அர்த்தம். 1 இருந்தால் 'இது இங்கே உள்ளூரில் வைத்துக்கொண்ட எண். உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல' என்று அர்த்தம். இப்போது நம் கையில் உள்ள செல்போன்களும், ஐபோனில் 2020 முதல், ஆண்ட்ராய்டில் 2019 முதல், வைஃபையில் சேரும்போது இப்படியொரு கற்பனை எண்ணைத்தான் சொல்கின்றன. நம்மைத் தொடர்ந்து வந்து கணக்கெடுப்பவர்களிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக. ஒளிந்துகொள்ளும்போதும் அந்த ஒரு பிட்டை 1 ஆக வைத்து, 'இது என் சொந்தப் பெயர் இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் ஒளிந்துகொள்கின்றன. புனைவுக்கும் பொய்க்கும் உள்ள தூரத்தை 48இல் ஒரு பிட்டாக யாரோ கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

குருட்டாம்போக்கு எண்ணில் ஒரு அசௌகரியம். பெட்டியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் புது எண். கம்ப்யூட்டரில் விலாசம் பங்கிடுகிற டிஹெச்சிபி என்ற ஏற்பாடு, இந்த எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டு நெட்வொர்க் விலாசம் கொடுக்கிறது. எண் மாறினால் அதற்குப் பெட்டி புது ஆள். ஆகவே புது விலாசம். ஒரு நாளில் நாற்பது தடவை அணைத்துப் போடுகிற காலம் அது. ஒவ்வொரு தடவையும் பெட்டி எந்த விலாசத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நிலையான எண் ஒன்றை எழுதிவிட்டால் தீர்ந்தது. மேஜை டிராயரில் எரிந்துபோன பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எண்ணை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதினேன். இறந்தவர் பெயரில் உள்ள ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிற மாதிரி. 'தற்காலிகமாக' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் மட்டும்தான், ஸ்கிரிப்டில் அந்த வார்த்தையை எழுதவில்லை.

பெட்டி பேசியது. பிறகு திரை வந்தது, பொத்தான்கள் வந்தன. ஸ்கிரிப்டை நான் மறந்துபோனேன். அது அப்படியே மற்றப் பெட்டிகளுக்கும் பிரதியாகிப் போயிற்று.

*

எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். வேலையை உறுதி செய்வதற்கு முந்திய ஆறு மாதம் முடிகிற சமயம். பல பெட்டிகளை ஒரே ஹப்பில் செருகி ஒரே நேரத்தில் இறக்கிப் பார்க்கும் சோதனையை அவனிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பெட்டியைச் செருகினால் சரியாக வருகிறது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாலும் சரி. இரண்டையும் சேர்த்துச் செருகினால் இரண்டும் தடுமாறின. வருவது பாதியில் அறுந்தது. ஒரு பெட்டியைக் கேட்டால் மற்றது பதில் சொல்லியது.

காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. டிஹெச்சிபி அவற்றை ஒரே ஆள் என்று நினைத்து ஒரே விலாசத்தைக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் இணைக்கும் 'பிரிட்ஜ்', ஒரு எண்ணைக் கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து கேட்டதோ அந்தப் பக்கத்துக்கே பதிலைத் திருப்புகிறது. ஆக, பேசியவனுக்குப் போக வேண்டியது பக்கத்தில் இருப்பவனுக்குப் போகிறது. மில்லில் இது நடந்தால் ஒரு மிஷினின் அளவு இன்னொன்றின் கணக்கில் ஏறும்.

அவன் முதல் நாள் வயர்களை மாற்றினான். பெட்டியின் எண்ணையும் பார்த்திருக்கிறான். முதல் பாதியைத் தேடினால் ஒரு கார்டு கம்பெனியின் பெயர் வந்திருக்கிறது. முறையாக வழங்கப்பட்ட எண் என்று நினைத்து மேலே போய்விட்டான். இரண்டாம் நாள் ஹப்பை மாற்றினான். மத்தியானம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தபோது அந்த எண் என் கண்ணில் பட்டது. டிராயர், சீட்டு, ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஞாபகம் வந்துவிட்டன. அப்போது அவன் திரும்பி, "ஹப்புக்குக் கரண்ட் பத்தலையோ சார்?" என்று கேட்டான். "இருக்கலாம்" என்றேன்.

ஹப்புக்கு மின்சாரம் போதாமல் இருந்திருக்கலாம். அப்படி நேர்வது உண்டு. அவன் கேட்டது ஹப்பைப் பற்றி. எண்ணைப் பற்றி அல்ல. அன்று சாயங்காலம் மேலதிகாரியிடம் அவன், "எங்கேயோ என் தப்புதான் சார், கண்டுபிடிச்சிடறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் இரண்டு பெட்டிகளின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். என் மேஜைக்கு வந்தான்.

"இது யாரோட நம்பர் சார்?"

சொன்னேன்.

"நேத்தே தெரியுமா சார்?"

"தெரியும்."

"ஏன் சார் சொல்லல?"

"நீ கேக்கலையேப்பா."

இந்தப் பதில் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னைத் துன்புறுத்துகிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

*

'நீ கேட்கவில்லை' என்பது யுஎஸ்பி கருவி சொன்னால் பூரண நியாயமான பதில். நான் சொன்னால் ஏன் இல்லை?

பொய் என்பது சொல்லின் குற்றம் என்று நமக்கு ஒரு நினைப்பு. திருக்குறளில் வாய்மை அதிகாரத்தின் முதல் குறளே வாய்மையைத் தீமை விளைக்காத சொல் என்று வரையறுக்கிறது. தீமை என்ற அளவுகோலை அங்கே நட்டுவைத்தது மகத்தான காரியம். ஆனால் என்னைப் போன்றவன் அந்த வரையறையின் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பான். நான் எதையும் சொல்லவே இல்லையே, தீமையான சொல் எங்கிருந்து வந்தது?

இந்தத் தப்பித்தல் ரொம்பப் பழசு. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வியாபாரியைக் கொண்டுவருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒருவன் வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாமா? ஸ்டாயிக் தத்துவவாதிகளில் குரு டயோஜெனிஸ் ஒரு பக்கம், சீடர் ஆன்டிபேட்டர் மறுபக்கம். சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும், சும்மா இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது குருவின் கட்சி. வாங்குபவன் அறியாதது எதையும் விற்பவன் அறிந்திருக்கக் கூடாது என்பது சீடரின் கட்சி. சிசரோ சீடர் பக்கம் சேருகிறார். ஆனால் ஒரு நுட்பத்தோடு: எல்லா மௌனமும் மறைப்பு அல்ல, தெரிந்தால் இன்னொருவனுக்குப் பயன்படக்கூடியதை உன் லாபத்துக்காக அவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதான் மறைப்பு.

இந்த அளவுகோலில் என் மௌனம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மறைப்புதான். பின்னால் நான் ஒரு சமாதானம் தயாரித்துக்கொண்டேன்: 'தானே கண்டுபிடித்தால்தான் பையன் கற்றுக்கொள்வான்'. ஆசிரியர்கள் இப்படிச் சொல்லாமல் இருப்பது உண்டு, அது நல்ல மௌனம். வித்தியாசம், அந்த மௌனம் யாருடைய சிரமத்தை மிச்சப்படுத்துகிறது என்பதில் இருக்கிறது. ஆசிரியரின் மௌனம் அவர் தலையில் சிரமத்தை ஏற்றுகிறது. பையன் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும், எப்போது நிறுத்துவது என்று கணக்குப் போட வேண்டும். என் மௌனம் எனக்கு ஒரு வெட்கத்தை மிச்சப்படுத்தியது. அதன் விலையைக் கொடுத்தது அவன்.

ஆனால் சிசரோவின் அளவுகோல் எனக்குப் போதவில்லை. நான் மறைத்தேன் என்பதை அது சொல்கிறது. பொய் சொன்ன உணர்வு ஏன் ஏற்படுகிறது என்பதைச் சொல்லவில்லை. இங்கேதான் யுஎஸ்பியின் விதிகளுக்குத் திரும்புகிறேன்.

ஹோஸ்ட் கேட்கும்போது கருவி நாலு விதமாக நடந்துகொள்ளலாம். கேட்டதைக் கொடுக்கலாம். 'இப்போது கொடுக்க ஒன்றும் இல்லை, பிறகு கேள்' என்று ஒரு சிறு விடை சொல்லலாம். 'நாக்' என்று அதற்குப் பெயர். 'இது என்னால் ஆகாது' என்று சொல்லலாம்; அது 'ஸ்டால்'. நாலாவது, பதிலே சொல்லாமல் இருப்பது. விதிப்படி அது பழுதின் அடையாளம். கடைசி மூன்றிலும் ஹோஸ்டுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விதி எழுதியவர்கள் கருதியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு சொல், முடியாது என்பதற்கு ஒரு சொல். வெறும் மௌனத்தை அவர்கள் நம்பவில்லை. இருட்டுத் திரையுள்ள பெட்டியோடு உட்கார்ந்திருந்த எவருக்கும் இதன் நியாயம் புரியும்.

மனிதர்களிடையே இந்தப் பிரிவினை எழுதப்படவில்லை. என் மௌனத்தைப் பையன் எப்படிப் படித்திருப்பான்? 'சாருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.' அதாவது 'நாக்' என்று படித்திருக்கிறான்: இவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவன் அப்படிப் படிப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நம்பிக்கையை ஆறு மாதமாக அவனிடம் வளர்த்தவனே நான். ஆகவே சொல்லாமல் இருந்ததன் மூலம் அவனிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். சொன்னது உண்மை அல்ல. பொய் என் வாயில் இல்லை என்பதும் சரி, பொய் சொல்லியிருக்கிறேன் என்பதும் சரி. நம்பிக்கை உள்ள இடத்தில் மௌனம் காலியாக இருப்பதில்லை. நம்புகிறவன் அதற்கு ஒரு வாக்கியத்தைப் பொருத்திக்கொள்கிறான். பொருத்தப்போகும் வாக்கியம் தவறு என்று தெரிந்தவன் வாய் திறந்தே ஆக வேண்டும்.

கருவிக்கு இந்தப் பாரம் இல்லை. ஏனென்றால் ஹோஸ்ட் எல்லாவற்றையும் கேட்கும் என்பது ஏற்பாடு. அது கேட்க மறப்பதில்லை, கேட்க வெட்கப்படுவதில்லை, கருவி வயதில் மூத்தது என்று தயங்குவதில்லை. 'கேட்டால் சொல்வேன்' என்பது, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கும் ஒருவர் எதிரில் இருந்தால்தான் நேர்மையாகும். நம்மிடையே அப்படி ஹோஸ்ட் யாரும் இல்லை. மாறாக, எதைக் கேட்பது என்று தெரியாதவன்தான் பெரும்பாலும் கேட்கும் இடத்தில் இருக்கிறான். தெரிந்தவன் கேட்கப்படும் இடத்தில் வசதியாக உட்கார்ந்திருக்கிறான். ஆபீஸில், ஆஸ்பத்திரியில், வீட்டிலும்கூட.

*

ஒரு ஆட்சேபத்தை நானே எழுப்ப வேண்டும். நான் இரவல் எண்ணுக்குப் பதிலாக, அந்த ஒரு பிட்டை 1 ஆக வைத்து நேர்மையான கற்பனை எண்ணொன்றை எழுதியிருந்தால், அதுவும் எல்லாப் பெட்டிகளுக்கும் பிரதியாகித்தானே இருக்கும்? இரண்டு பெட்டிகளும் அப்போதும் மோதிக்கொண்டிருக்கும். உண்மை. அந்த பிட் மோதலைத் தடுத்திருக்காது. அது செய்யக்கூடியது வேறு. முதல் நாள் அவன் எண்ணைப் பார்த்தபோது அந்த பிட் 1 ஆக இருந்திருந்தால், 'இது யாரோ கையால் வைத்தது. யார் வைத்தது, எத்தனை பெட்டியில் வைத்தது என்று பார்' என்று அவனிடம் அது சொல்லியிருக்கும். கேட்காமலே சொல்லியிருக்கும். நான் எழுதிய எண்ணோ 'இது வழங்கப்பட்டது, என்னைச் சந்தேகிக்காதே, மேலே போ' என்றது. அவன் அதை நம்பி மேலே போனான். என் மௌனம் இரண்டாம் நாள் தொடங்கவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்து எழுதிய அன்றே தொடங்கிவிட்டது.

இலக்கியத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. கதை எழுதுகிறவன் நடக்காததை எழுதுகிறான். அவனை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை, கதை என்ற அந்தப் பிட்டை அவன் 1 ஆக வைத்திருக்கிறான். நமக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். வாழாத அனுபவத்தை, யாருடைய பக்கத்திலிருந்தோ சீட்டோடு உரித்தெடுத்து, இது எனக்கு வழங்கப்பட்டது என்ற பாவனையில் ஒட்டிக்கொள்கிற எழுத்தின் மேல். அங்கே கற்பனை குற்றம் அல்ல, இரவலும்கூட அவ்வளவு பெரிய குற்றம் அல்ல. இரவல் என்று சொல்லாததுதான் குற்றம். வாசகன் கேட்கவில்லையே என்று அந்த எழுத்தாளரும் சொல்லக்கூடும். மற்றவர்களின் எழுத்தில் இதைக் கண்டுபிடித்துப் பேசுவதில் எனக்கு இருபது வருஷப் பழக்கம். என் ஸ்கிரிப்டில் பன்னிரண்டு எழுத்துக்களில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

*

மறுநாள் காலையில் மேலதிகாரியிடம் போய், எண்ணை வைத்தது நான், இரண்டாம் நாளே எனக்குத் தெரியும், பையன் மேல் தவறில்லை என்று சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பையனின் வேலை உறுதியாயிற்று. அவனிடமும் போய், "கேக்கலைன்னு சொன்னது தப்புப்பா" என்றேன். "பரவாயில்லை சார்" என்றான். அந்தப் 'பரவாயில்லை'யை நான் எப்படிப் படிப்பது என்று இன்னும் தெரியவில்லை. கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

எண்ணை அவன்தான் திருத்தினான். ஒவ்வொரு பெட்டியின் சிப்பிலும் உள்ள வரிசை எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற மாதிரி. பெட்டிக்குப் பெட்டி வேறு, அணைத்துப் போட்டாலும் மாறாது, அந்த ஒரு பிட் 1. ஸ்கிரிப்டில் அந்த வரிக்கு மேலே, இது வழங்கப்பட்ட எண் அல்ல, இங்கே இன்ன விதமாக உண்டாக்கியது என்று இரண்டு வரி எழுதிவைத்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் என்னிடமிருந்து ஏதாவது வந்தால் முதலில் எண்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போகிறான். மரியாதையாகத்தான் செய்கிறான். பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவன் செய்வது சரி என்றும் தெரிகிறது.